ஆரணியில் பிடுங்கின ஆணிகள்

"சிஸ்டம் அட்மின்களுக்கு அவசியமான 25 மென்பொருட்கள்" என்கிற மாதிரி பட்டியலைப் பார்த்தாலே எனக்குக் கை பரபரக்கும். ஒவ்வொண்ணா இறக்கி, பென் டிரைவ்ல போட்டு, போல்டருக்குப் பேரு வச்சு அடுக்கிடுவேன். அதுல முக்கால்வாசியை ஒரு தடவை கூடத் திறந்ததில்ல என்பது வேற விஷயம் :-) இந்தப் பதிவும் அந்த ரகம்னு நினைச்சு வந்தவங்க மன்னிக்கணும். இங்க 25 எல்லாம் இல்ல. ஒரு நெருக்கடியில நிஜமாவே கை கொடுத்த நாலஞ்சு சாமானைப் பத்தி மட்டும்தான் சொல்லப் போறேன். நடுநடுவுல கொஞ்சம் பட்டு நூலும் வரும்.

ஒரு டிஸ்கி. ஆபீஸ்ல நான் சிஸ்டம் அட்மின் கிடையாது. சென்னையில பொட்டி தட்டுற சாதாரண டெவலப்பர். ஆனா ஆரணி பஸ் ஸ்டாண்டுல இறங்கின அடுத்த நிமிஷம் எனக்குப் பதவி மாறிடும். பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிச்ச பையன் ஊருக்கு வந்தா, பிரிண்டர் சிக்கினதுலேர்ந்து பெரியம்மா போன்ல வாட்ஸப் போகாதது வரைக்கும் அவன் தலையிலதான். ஆரணிங்கற பேருக்குள்ளயே ஆணி இருக்கு பாருங்க, நடுவுல இருக்கற 'ர'வைத் தூக்கிட்டாப் போதும். 2000லேர்ந்து ஜூலை மாசக் கடைசி வெள்ளிக்கிழமையை சிஸ்டம் அட்மின்களுக்கு நன்றி சொல்ற நாளா உலகத்துல கொண்டாடுறாங்க. நம்ம காலண்டர்ல அது எப்பவும் ஆடி வெள்ளியில வந்து விழும். அதனால எனக்குக் கிடைக்கிற நன்றி கூழ்தான். அதுவும் நல்லாத்தான் இருக்கும்.

மேட்டருக்கு வர்றேன். வெளியூர்க்காரங்களுக்கு ஆரணின்னா ரெண்டு: அரிசி, பட்டு. பட்டுல சேலையைப் பார்ப்பாங்க, தறியைக் கூடப் பார்த்திருப்பாங்க. அந்தத் தறிக்கு மேல உட்கார்ந்திருக்கற ஜக்கார்டு பெட்டிக்கு அட்டை அடிச்சுக் கொடுக்கற கடையை யாரும் பார்த்திருக்க மாட்டாங்க. எங்க பெரியப்பா மகன், எனக்கு அண்ணன், அந்தத் தொழில்தான் பண்றார். மாங்கா, அன்னம், ருத்ராட்சம்னு பார்டருக்கும் முந்தானைக்கும் டிசைனைக் கம்ப்யூட்டர்ல கட்டம் கட்டமா வரைவார். ஒரு ஊடைக்கு ஒரு அட்டை. அட்டையில ஓட்டை இருந்தா அந்தக் கொக்கி மேல போகும், அதோட பாவு இழையும் தூக்கும். ஓட்டை இல்லன்னா தூக்காது. அவ்வளவுதான் விஷயம். ஒண்ணு, பூஜ்யம். காலேஜ்ல நாலு வருஷம் லட்சக்கணக்குல செலவு பண்ணிச் சொல்லிக் கொடுத்ததை எங்க தெருவுல சின்ன வயசுலேர்ந்தே மிதிச்சுக்கிட்டு இருந்திருக்காங்க.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். பிரான்ஸ்ல லியோன் நகரத்துக்காரர் ஜக்கார்டு 1800களின் தொடக்கத்துல இந்த அட்டை முறையை ஒழுங்குக்குக் கொண்டுவந்தார். அதே அட்டை யோசனையைத்தான் 1890ல அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு ஹாலரித் வேற விதமா பயன்படுத்தினார், கம்ப்யூட்டர் கதை அந்த வழியாத்தான் வந்தது. 1839ல ஜக்கார்டோட உருவப்படத்தையே பட்டுல நெய்தாங்க. அதுக்கு 24,000 அட்டை. பாபேஜ் கிட்ட அதுல ஒரு பிரதி இருந்தது. அண்ணன்கிட்ட இதைச் சொன்னப்போ, "24,000 அட்டைக்கு எவ்ளோ பில் போட்டிருப்பான்?"னு கேட்டார். தொழில்காரர்.

அட்டை அடிக்கும்போது விழற வட்டத் துண்டுகளைப் பொறுக்கி வச்சு, கல்யாணத்துல தூவ நாங்க சின்னப் பசங்களா இருக்கப்ப சண்டை போடுவோம். அதுல ஒண்ணு அறுபடாம ஒட்டிக்கிட்டு நின்னா சேலையில ஒரு இழை தப்பாப் போகும். 2000ல அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல்ல புளோரிடா வாக்குச்சீட்டுகள்ல இதே மாதிரி தொங்கின துண்டை எண்ணத்தான் அவ்வளவு கலாட்டா. சரி சரி, மேட்டர்.

2024 ஆடி மாசம். ஆடியில முகூர்த்தம் கிடையாது, ஆனா ஆவணி முகூர்த்தத்துக்கு நெய்ய வேண்டியதெல்லாம் அப்பத்தான் தறியில ஏறும். அண்ணன் போன் பண்ணினார். "டேய், பொட்டிக்குள்ள டிக் டிக்னு சத்தம் வருது. டிசைன் எதுவும் திறக்க மாட்டேங்குது. பார்மேட் பண்ணாச் சரியாயிடும்னு சர்வீஸ் ஆளு சொல்றான்."

"கரண்டைப் பிடுங்கிட்டு அப்படியே விடுண்ணே. யாரையும் தொட விடாத. நான் வர்றேன்."

இந்தப் பதிவுல ஒரே ஒரு டிப்ஸ்தான் எடுத்துட்டுப் போகலாம்னா இதை எடுத்துக்கோங்க. சத்தம் போடற ஹார்ட் டிஸ்க்கை ஓட விடக் கூடாது. விண்டோஸ் தானா "டிஸ்க்கைச் சரிபார்க்கிறேன்"னு கிளம்பினாலும் விடக் கூடாது. அது சரிபார்க்கிறது மட்டும் இல்ல, திருத்தவும் செய்யும். சாகக் கிடக்கிற டிஸ்க்ல எழுதி எழுதித் திருத்தறது, விழுந்து அடிபட்டவனை எழுப்பி நடக்கச் சொல்ற மாதிரி.

அண்ணன் பொட்டி இன்னும் எக்ஸ்பிதான். 2014 ஏப்ரல்லயே மைக்ரோசாப்ட் கை கழுவின சமாச்சாரம். ஏன் மாத்தலைன்னு கேட்டா, அட்டை அடிக்கிற மெஷினோட டிரைவர் அதுலதான் ஓடும். புது மெஷின் வாங்கற காசுல ரெண்டு தறி போட்டுடலாம். அவர் சொல்றது நியாயமாத்தான் எனக்குப் பட்டது. நெட் கனெக்ஷன் கொடுக்காம வச்சிருந்தார், அதுவே பெரிய புண்ணியம். உள்ளே 80 ஜிபி டிஸ்க். அதுல 11 வருஷத்து டிசைன். பேப்பர்ல போட்ட பழைய கிராப் எல்லாம் கரையான் அரிச்சுப் போச்சு. ஒரு பேக்கப்பும் இருந்தது, அதே டிஸ்க்ல 'பேக்கப்'னு ஒரு போல்டர் :-(

ஆற்காடு வழியா பஸ் பிடிச்சு வந்து சேர்ந்தேன். பொட்டியைத் திறந்தா, விசிறி முழுக்க அட்டைத் தூசி அடை அடையா. டிஸ்க்கைக் கழட்டி என் வீட்டு டெஸ்க்டாப்ல நேரடியா மாட்டினேன். விண்டோஸ்ல இல்ல. சிஸ்டம் ரெஸ்க்யூன்னு ஒரு லினக்ஸ், பென் டிரைவ்லேர்ந்தே கிளம்பும். அதுல பெரிய சௌகரியம், மாட்டின டிஸ்க்கைத் தானா திறந்து வைக்காது. நீங்க சொன்னாத்தான் தொடும். விண்டோஸ் அப்படி இல்ல, புது டிஸ்க்கைப் பார்த்த உடனே உரிமையா உள்ள போய் எதையாவது எழுதி வச்சுடும், சொந்தக்காரங்க மாதிரி.

முதல் சாமான்: ஸ்மார்ட்மான்டூல்ஸ். டிஸ்க் தன் உடம்பைப் பத்தித் தானே குறிச்சு வச்சுக்கற கணக்கை இது படிச்சுக் காட்டும். அதுல பெரிய பட்டியல் வரும், பயப்பட வேண்டாம். 5, 197, 198 இந்த மூணு எண்ணைப் பாருங்க. 5 என்பது ஏற்கெனவே கெட்டுப் போய் மாற்று இடம் கொடுத்த செக்டர்கள். 197 என்பது படிக்க முடியாம முடிவுக்காகக் காத்திருக்கிறவை. 198 என்பது டிஸ்க் தானே சோதிச்சப்பவும் படிக்கவே முடியாமப் போனவை. மூணும் பூஜ்யமா இருந்தா நிம்மதி. அண்ணன் டிஸ்க்ல 197ல அறுநூத்துச் சொச்சம். விண்டோஸ்லயே பார்க்கணும்னா கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ இருக்கு. நீலம்னா நல்லது, மஞ்சள்னா ஜாக்கிரதை, சிவப்புன்னா ஓடு. இங்கிலீஷ் தெரியாதவங்களுக்குக் கூட நிறத்தை வச்சுச் சொல்லிக் கொடுத்துடலாம்.

ரெண்டாவது சாமான்தான் ஹீரோ. குனு டிடிரெஸ்க்யூ. சாதாரணமா ஒரு கோப்பைக் காப்பி எடுக்கும்போது ஒரு செக்டர் படிக்கலைன்னா, காப்பி அங்கயே நின்னு மல்லுக்கட்டும், அதுக்குள்ள டிஸ்க் செத்துடும். இது அப்படி இல்ல. கெட்ட இடம் வந்தா சட்டுனு தாண்டி, நல்ல இடத்தை எல்லாம் முதல்ல அள்ளிக்கும். அப்புறம்தான் திரும்பி வந்து ஓரத்துலேர்ந்து மெதுவாச் சுரண்டும். எதை எடுத்தோம், எது பாக்கின்னு ஒரு வரைபடக் கோப்புல எழுதிக்கிட்டே போகும். நடுவுல கரண்ட் போனா (ஆரணியில போகும்!) விட்ட இடத்துலேர்ந்து தொடரும். முதல் சுற்றுல சுரண்ட வேண்டாம்னு சொல்ல ஒரு ஆப்ஷன் உண்டு, அதைக் கொடுத்துதான் ஆரம்பிச்சேன். நல்ல பகுதி ஒரு மணி நேரத்துல வந்துடுச்சு. மிச்சத்துக்கு விடிய விடிய ஓடிச்சு. அண்ணன் தூங்கலை. பக்கத்துல சேர் போட்டு உட்கார்ந்து நம்பரையே பார்த்துக்கிட்டு இருந்தார். அண்ணி ரெண்டு தடவை காபி கொண்டாந்து வச்சுட்டு ஒண்ணும் கேக்காமப் போனாங்க. அந்தக் கேக்காமப் போனதுதான் எனக்குப் பயமா இருந்தது.

காலையில கணக்குப் பார்த்தா, 80 ஜிபியில வராதது 300 கேபி சொச்சம். ஒரு போட்டோ அளவு கூட இல்ல. எல்லாரும் இங்கேயே சந்தோஷமா எழுந்து போயிடுவாங்க. ஆனா அந்த 300 கேபி எந்தெந்தக் கோப்புக்குள்ள விழுந்திருக்கு? அது தெரியாம அட்டை அடிச்சு, தறியில ஏத்தி, பாதி முந்தானையில கோணினா? அந்தப் பட்டு, ஜரிகை, நெசவாளியோட பத்து நாள் உழைப்பு யாரு தலையில?

இதுக்கு டிடிரெஸ்க்யூலயே ஒரு வழி இருக்கு, அதிகம் பேருக்குத் தெரியறதில்ல. எடுத்த பிரதியை இன்னொரு பிரதி எடுத்துக்கணும். அந்த ரெண்டாவது பிரதியில, படிக்க முடியாமப் போன இடங்களை மட்டும் நாம கொடுக்கற ஒரு வார்த்தையால நிரப்பச் சொல்லலாம். அப்புறம் எல்லாக் கோப்புலயும் அந்த வார்த்தையைத் தேடினா, அடிபட்டதெல்லாம் கையைத் தூக்கும். நான் நிரப்பின வார்த்தை 'பிடுங்கவேண்டியஆணி'. வேற எங்கயும் தற்செயலா வராது பாருங்க :-)

31 டிசைன் கையைத் தூக்கிச்சு. மாங்கா1, மாங்கா_புதுசு, மாங்கா_கடைசி, மாங்கா_நிஜமாவே_கடைசி உட்பட.

இங்கதான் தறியும் பொட்டியும் கைகோத்துக்கிச்சு. டிசைன் எல்லாம் கறுப்பு வெள்ளை பிஎம்பி கோப்பு. 240 கொக்கின்னா ஒரு வரிக்கு 240 புள்ளி, அதாவது 30 பைட். பிஎம்பி ஒவ்வொரு வரியையும் நாலோட மடங்குலதான் முடிக்கும், ஆக 32 பைட். பழைய டிஸ்க்ல ஒரு செக்டர் 512 பைட். 512ஐ 32ஆல வகுத்தா 16. ஒரு செக்டர் போனா 16 அட்டை போச்சு! ஓரத்துல ஒண்ணு வெட்டுப்படும், 17ன்னு வச்சுக்கலாம். எந்த செக்டர்னு தெரிஞ்சா எந்த நம்பர் அட்டைன்னு தெரிஞ்சுடும். ஒரே ஒரு விஷயம், பிஎம்பியில வரிகள் கீழேயிருந்து மேலே அடுக்கியிருக்கும். அதைக் கவனத்துல வச்சு எண்ணணும், இல்லன்னா அன்னம் தலைகீழா நீந்தும்.

அட்டை? ஊர் பூரா தொங்கிக்கிட்டு இருக்கே! தறியில, பரண்ல, மூட்டையா கட்டி மூலையில.

1998ல பிக்சார் கம்பெனியில 'டாய் ஸ்டோரி 2' படத்தோட கோப்புகளை ஒரு கட்டளை மடமடன்னு அழிச்சுது. பேக்கப்பைத் திறந்தா அதுவும் உருப்படியா இல்ல. கடைசியில காப்பாத்தினது எது தெரியுமா? குழந்தை பிறந்ததால வீட்டிலேர்ந்து வேலை பார்த்துக்கிட்டு இருந்த காலின் சஸ்மன்ங்கிற அம்மாவோட வீட்டுக் கம்ப்யூட்டர். அதுல ஒரு பிரதி இருந்தது. எங்க வீட்டுக் கம்ப்யூட்டர், முள்ளிப்பட்டுலயும் தேவிகாபுரத்துலயும் தறிக்கு மேல நூல்ல கோத்துத் தொங்கிக்கிட்டு இருந்தது.

அண்ணன் டிவிஎஸ்ஸை எடுத்தார். நான் பின்னாடி, கையில பட்டியல். "அன்னப் பார்டர், 113லேர்ந்து 129 வரைக்கும்." வீடு வீடாப் போனோம். அட்டையைப் போனில் படம் பிடிச்சு, ஓட்டையைத் தானா எண்ணற மாதிரி பைத்தான்ல ஒரு நிரல் எழுதிடலாம்னு நான் லேப்டாப்பைத் திறந்தேன். அதுக்குள்ள அந்த வீட்டு நெசவாளி அட்டையை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, "ரெண்டு விட்டு மூணு, ஒண்ணு விட்டு அஞ்சு, நாலு விட்டு ஒண்ணு"ன்னு பாட்டு மாதிரி சொல்ல ஆரம்பிச்சுட்டார். அண்ணன் கட்டத்தை நிரப்பிக்கிட்டே போனார். 17 அட்டை, கால் மணி நேரம். நான் லேப்டாப்பை மூடிட்டு மோர் குடிச்சேன். நடுவுல ஒரு அட்டையில துண்டு பாதி ஒட்டிக்கிட்டு நின்னது. அந்த இடத்துல அவர் பாட்டை நிறுத்திட்டு, "இது ஓட்டைதான், சேலையில சரியா வந்திருக்கு"ன்னார். எந்த நிரலும் இதைச் சொல்லியிருக்காது.

ரெண்டு கோப்புல தலைப்பகுதியே போயிருந்தது. பிஎம்பிக்கு முதல் 62 பைட் தலை. அதே அளவுள்ள இன்னொரு டிசைன்லேர்ந்து தலையை வெட்டி ஒட்டினா உடம்பு எழுந்து உட்காரும். கோப்புகளோட பேர், இருப்பிடம் எல்லாம் அழிஞ்சிருந்தா ஃபோட்டோரெக் வேணும். அது ஒவ்வொரு கோப்பு வகையோட ஆரம்ப அடையாளத்தை வச்சே டிஸ்க் முழுக்கத் துழாவும். ஆனா பேர் எதுவும் மிஞ்சாது. ரெண்டாயிரம் டிசைனைப் பேர் இல்லாமப் பிரிக்கற கொடுமை எங்களுக்கு வரலை, ஆடி வெள்ளிக் கூழோட மகிமை.

மத்த சாமானெல்லாம் சுருக்கமா. பிராசஸ் எக்ஸ்ப்ளோரர், ஆட்டோரன்ஸ், ரெண்டும் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பு. பொட்டி மெதுவா ஓடுதுன்னு யார் சொன்னாலும் முதல்ல ஆட்டோரன்ஸைத் திறந்து, கிளம்பும்போது கூடவே எது எதெல்லாம் தொத்திக்கிட்டுக் கிளம்புதுன்னு பாருங்க. இதை எழுதின மார்க் ருசினோவிச்தான் 2005ல தன் சொந்தப் பொட்டியைத் துழாவி, சோனி பாட்டு சிடி திருட்டுத்தனமா ஒரு மறைவு மென்பொருளைப் போட்டுட்டுப் போறதைக் கண்டுபிடிச்சார். அடுத்த வருஷம் மைக்ரோசாப்ட் கம்பெனியையே வாங்கிடுச்சு. இன்னிக்கும் இலவசம்தான். புட்டி தெரியாதவங்க இருக்க மாட்டீங்க, ஆனா தேடுபொறியில மேல வர்ற விளம்பரத்தை அமுக்கி இறக்காதீங்க. அதே பேர்ல விஷம் கலந்த பிரதிகள் உலவினது உண்டு. எந்தச் சாமானா இருந்தாலும் எழுதினவர் வீட்டு வாசல்லேர்ந்து எடுங்க.

அப்புறம் பேக்கப். புது டிஸ்க்ல எக்ஸ்பியை அப்படியே பிரதி எடுத்து மாட்டிக் கொடுத்தாச்சு. டிசைனை வாராவாரம் பென் டிரைவ்ல என் பழைய லேப்டாப்புக்குக் கொண்டு போறார், அதுல ரெஸ்டிக்னு ஒரு இலவச மென்பொருள் தேதிவாரியா அடுக்கி வைக்குது. ஒரு வெளி டிஸ்க், பீரோவுல ஜரிகைப் பெட்டிக்குப் பக்கத்துல. விண்டோஸ்லயே ரோபோகாப்பி இருக்கேன்னு கேப்பீங்க. நல்ல சாமான்தான். ஆனா கண்ணாடி மாதிரி ரெண்டு பக்கமும் ஒண்ணா வைக்கற அதோட ஆப்ஷனை வீட்டு ஆளுங்களுக்குச் சொல்லிக் கொடுக்காதீங்க. இந்தப் பக்கம் அழிஞ்சதை அந்தப் பக்கமும் சுத்தமா அழிச்சு வச்சுடும்.

2017 ஜனவரி 31ஆம் தேதி கிட்லேப் கம்பெனியில ஒருத்தர் தவறுதலா நிஜ டேட்டாபேஸை அழிச்சப்போ, அஞ்சு விதமான பேக்கப் முறை வச்சிருந்தும் ஒண்ணும் ஒழுங்கா கை கொடுக்கலைன்னு அவங்களே வெளிப்படையா எழுதினாங்க. யதேச்சையா ஆறு மணி நேரம் முன்னாடி எடுத்த ஒரு பிரதிதான் காப்பாத்துச்சு. அத்தனை பெரிய கம்பெனிக்கே அப்படின்னா... அதனால அண்ணனுக்கு ஒரு ஏற்பாடு. மாசம் முதல் தேதி, பேக்கப்லேர்ந்து கண்ணை மூடிக்கிட்டு ஒரு டிசைனை எடுத்து, முதல் பத்து அட்டை அடிச்சு, பழைய அட்டை மேல வச்சு வெளிச்சத்துல பார்க்கணும். வெளிச்சம் எல்லா ஓட்டை வழியாவும் வந்தா பேக்கப் சரி. செக்சம் பத்தி நான் அவருக்கு விளக்கவே இல்ல, அவர் பண்றதே அதுதான்.

31ல 22க்கு அட்டை கிடைச்சுது. 9க்குக் கிடைக்கலை. பழைய டிசைன், யாரும் நெய்யறதில்லைன்னு அட்டையை அடுப்புக்கும் எடைக்கும் போட்டுட்டாங்க. அந்த ஒன்பது பேரை எழுதி அண்ணன் கடைச் சுவத்துல ஒட்டி வச்சிருக்கார். தீபாவளிக்கு நான் போனப்ப ஒரு பெரியவர் மஞ்சப்பையில ஒரு சேலையோட வந்தார். அவங்க வீட்டம்மா கல்யாணச் சேலை இல்ல, மகளுக்கு எடுத்தது. மடிச்சு வச்ச இடம் கொஞ்சம் விட்டுப் போயிருந்தது. பூதக்கண்ணாடியும் கட்டம் போட்ட நோட்டும் அவரே கொண்டாந்திருந்தார். முந்தானையை மேசை மேல விரிச்சு, ஊடையை ஒவ்வொண்ணா எண்ண ஆரம்பிச்சார். மதியத்துக்குள்ள நாப்பது வரி. "கண்ணு முன்ன மாதிரி இல்ல தம்பி, தெனம் நாப்பது வரி ஆவும்"னார்.

சுவத்துல இப்ப எட்டுப் பேர்தான் இருக்கு.